வேடிக்கை பார்ப்பவருக்கு ஓர் இலை

6 அக்டோபர் 2025, திங்கள்

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். பச்சைமுத்து மாமாவின் பிரமாணப் பத்திரத்தில், புற்றிலிருந்து ஈசலை வரவழைக்கும் பொடியில் என்னென்ன சேரும் என்ற இடத்தை அவரிடம் கேட்காமலே நிரப்பிவிட்டேன். அதே பொடிக்கு உரிமை கேட்கும் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தில் இருந்த நான்கு பொருள்களையும் பார்த்து அப்படியே தட்டச்சு செய்தேன். நம்மிடமிருந்து எடுத்ததுதானே, நம்முடையதாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன்.

காலையில் வேலை பார்க்கும் கடைக்குக் கிளம்பும் முன் அதை வாசித்துக் காட்டினேன். மாமா பல் துலக்கிக்கொண்டிருந்தார். மூன்று விதைகளின் பெயர் வந்தபோது தலையாட்டினார். நான்காவதாக, “ஆடாதொடை இலை, காயவைத்துப் பொடித்தது” என்று வாசித்ததும் வாயிலிருந்த நுரை தெறிக்கச் சிரித்தார்.

“அத எவன் போட்டான்?”

“நீங்கதான் மாமா. அவங்க எடுத்த வீடியோவுல நீங்கதான் போடறீங்க. அந்த எல சேந்தா எழுவது பர்சென்ட் ஈசல் கூடுதலா வருதுன்னு எழுதியிருக்காங்க.”

“எழுவதா? எவன் நின்னு எண்ணுனான் ஈசல?”

மாமாவின் மனைவி பொன்னி அக்கா அடுப்படியிலிருந்து வந்து அவர் முதுகில் ஒன்று வைத்தாள். “இன்னாத்துக்கு சிரிப்பு? பொண்ணு ராவும் பகலும் எழுதிக்கினு கெடக்குது. வெளக்கமா சொல்லு அதுக்கு.”

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வெளி ஆள் நின்று பார்க்கும்போது பொடி இடித்தால், வேலையில்லாத ஓர் இலையைக் கூடச் சேர்த்து இடிக்க வேண்டும். நம் ஆட்கள் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ‘வேடிக்க பாக்கறவனுக்கு ஒரு எல’ என்று அதைச் சொல்வார்கள். உண்மையில் சேர வேண்டிய நான்காவது பொருள் மடியில் இருக்கும். ஆள் போன பிறகுதான் வெளியே வரும். அது என்ன என்று என்னிடம் சொன்னார். இந்த நோட்டிலும் அதை எழுதப்போவதில்லை.

நான் இருளர் வீட்டில் பிறந்தவள். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து விழுப்புரம் விடுதி. ஈசல் பறக்கும் ஐப்பசியில் ஒரு வருடமும் வீட்டில் இருந்ததில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை, தெரியும் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். நோட்டரி முத்திரை விழுந்திருந்தால் மாமா பொய்ச் சத்தியம் செய்தவராகியிருப்பார்.

குழம்பாமல் இருக்க, விஷயத்தை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கோகுலகிருஷ்ணன் என்பவர் ஆராய்ச்சி என்று சொல்லி, திண்டிவனம் பக்கம் பிரம்மதேசத்தைத் தாண்டி எங்கள் குடியிருப்புக்கு வந்தார். புற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டுவது, பொடி தூவுவது, குழிக்குள் விளக்கு வைப்பது, ஈசல் வந்து விழுவது எல்லாவற்றையும் மாமா செய்து காட்டினார். வந்தவர் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். இந்த ஏப்ரலில் ஒரு நிறுவனம் அதே பொடிக்கும் அதே முறைக்கும் காப்புரிமை கேட்டிருப்பது காப்புரிமை இதழில் வந்தது. கண்டுபிடித்தவர் பெயர் கோகுலகிருஷ்ணன்.

விழுப்புரத்தில் எங்கள் மாலைச் சட்ட வகுப்பில் வக்கீல் இசைவாணி மேடம் அதை உதாரணமாகக் காட்டி, “இந்த மாதிரி எங்கயாவது பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டபோதுதான் நான் முதல்முறையாகக் கை தூக்கினேன். பழங்குடி மக்களிடம் வாய்மொழியாக இருக்கும் அறிவாக இருந்தாலும், அதைப் புதிது என்று சொல்லி யாரும் உரிமை வாங்க முடியாது. சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் யாராவது ஆட்சேபம் போட்டு நிரூபிக்க வேண்டும். இதழில் வந்து ஆறு மாதம் வரை காப்புரிமை கொடுக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு எந்த நாளும் கொடுக்கலாம். வருகிற சனிக்கிழமை ஆறு மாதம் முடிகிறது.

கொடுத்துவிட்டால், அக்கா தலைவியாக இருக்கும் மகளிர் குழு கரையான் பெருகாமல் தடுக்க மாந்தோப்புக்காரர்களுக்கு விற்கிற பொடியை, அந்த நிறுவனத்திடம் கேட்டுவிட்டுத்தான் இடிக்க வேண்டும். அதை நினைத்து இன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அக்காவிடம் டப்பாவைக் காலியாகத்தான் கொடுத்தேன். மீதியைக் கடை வாசல் நாய்க்குப் போட்டதைச் சொல்லவில்லை.

7 அக்டோபர், செவ்வாய்

கோர்ட்டுக்கு எதிரில், நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் இன்று கூட்டம். திண்டிவனத்திலிருந்து கிளம்பவே தாமதம். விக்கிரவாண்டி டோலில் பஸ் நின்றுவிட்டது. வகுப்புக்குள் நுழைந்தபோது பாடம் பாதி முடிந்திருந்தது.

எல்லோரும் போன பிறகு மேடத்திடம் என் தவறைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“கலைப்பிரியா, இது என்னன்னு புரியுதா உனக்கு? நம்ம வீட்டுக் குடம் அவன் வீட்ல இருக்கு. நாம அடைச்சு வச்ச ஓட்டையோட இருக்கு! ஒண்ணுக்கும் உதவாத எலை அவங்க பொடிக்குள்ள எப்படிப் போச்சு? உங்க மாமா கையப் பார்த்துதான் போச்சு. இதைவிடச் சாட்சி என்ன வேணும்?”

பிறகு அவரே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் போடும் பத்திரத்தின் நகல் அந்த நிறுவனத்துக்குப் போகும். கோப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இலை வெறும் கண்துடைப்பு என்று எழுதினால், அப்படியானால் உண்மையான பொருள் எது என்று கேட்பார்கள்.

“அதைச் சொல்லணுமா மேடம்?”

“சொல்ல வேண்டாம். நீ ஒண்ணும் உரிமை கேட்கல. அவனுக்குக் கொடுக்காதேன்னுதான் கேட்கிற. ஆனா எலைய விட்டுட்டு எழுத முடியாது. விட்டா, ‘எலை சேர்ந்தது எங்க கண்டுபிடிப்பு’ம்பான். அதுக்கு மட்டும் காப்புரிமை வாங்கிடுவான். அப்புறம் வெளி ஆளு முன்னாடி நீங்க பொடி இடிச்சாலே தப்பு.”

கடைசியில் அவர் சொன்ன வழி இது. இலையைப் போடுவோம் என்று மட்டும் எழுதுவது. எதற்கு என்று எழுதாமல் விடுவது. போடுவது உண்மை. காலங்காலமாக எல்லோர் கண் முன்னாலும் போட்டிருக்கிறார்கள். அதோடு வெளி ஆள் ஒருவரும் பார்த்ததாகச் சத்தியம் செய்தால் பலம். எங்கள் ஆட்கள் மட்டும் சொன்னால் சொந்த லாபத்துக்குச் சொல்கிறார்கள் என்பார்களாம்.

எனக்கு உடனே ராஜாமணி ஐயா ஞாபகம் வந்தார். 

அவருடைய மேட்டு நிலத்தில்தான் இந்தப் பக்கத்துப் பெரிய புற்றுகள் இருக்கின்றன. அவர் அப்பா காலத்திலிருந்து நாங்கள் அங்கேதான் ஈசல் பிடிக்கிறோம். முதல் கூடை அவர் வீட்டுக்கு. பொடி இடிக்கும்போது அவர் எப்போதும் வந்து நிற்பார். ஆடாதொடைதான் ஈசலை இழுக்கிறது என்று நம்பி, நிலத்தைச் சுற்றி வேலியாகவே நட்டு வைத்திருக்கிறார். அவரை விடப் பொருத்தமான சாட்சி கிடையாது. ஆனால் இலை சும்மா என்று தெரிந்துவிட்டால்?

வீட்டில் சொன்னேன். மாமா யோசித்துவிட்டு, “நல்ல ரோசன தான்” என்றார். அக்கா தட்டை டக்கென்று வைத்தாள்.

“இன்னா நல்ல ரோசன? அந்தாளு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறாரு, இருளனுக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியும்னு. நாளைக்கு அது புளுகுன்னு தெரிஞ்சா நெலத்துல கால வைக்க வுடுவாரா? பொடியக் காப்பாத்திப்புட்டு அத எங்க கொண்டி தூவறது, நடு ரோட்டுலயா?”

“தெரிஞ்சாத்தானடி.”

“கோர்ட்டு கச்சேரின்னு போனா எல்லாந்தான் வெளிய வரும்.”

“இது கோர்ட்டு இல்லக்கா, காப்புரிமை அலுவலகம்” என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில், தேவையில்லாத இடத்தில் திருத்தினேன் என்று புரிந்தது.

8 அக்டோபர், புதன்

கடைக்கு அரை நாள் விடுப்பு சொன்னேன். மாமாவும் நானும் ராஜாமணி ஐயா நிலத்துக்குப் போனோம். அவர் மோட்டார் கொட்டகை வாசலில் மல்லாட்டைப் பயிருக்கு உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மூட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

“எவன்டா அவன், நம்ம ஈசலுக்குப் பட்டா வாங்கறவன்? டேய் பச்ச, அன்னிக்கே சொன்னனா இல்லியா? அந்தாளு ஷூவப் பாத்ததுமே சொன்னேன், இவன் ஆளு சரியில்லன்னு.”

“சொன்னீங்க ஐயா.”

“கேட்டியா நீ? படம் புடிக்கறான்னதும் தலைய வாரிக்கினு நின்ன.”

மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயா என்னை வேலி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். ஆடாதொடை ஆள் உயரம் வளர்ந்திருந்தது. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார்.

“மோந்து பாரு பாப்பா. இந்த வாசனக்குத்தான் வருது. எங்கப்பாரு சொல்லுவாரு, பச்சமுத்து தாத்தன் இந்த எலயப் போடாம குழி வெட்ட மாட்டான்னு. நான் நட்டப்பொறம் ஈசல் ஜாஸ்தி. வேணும்னா இவனையே கேளு.”

மாமா தூரத்துப் புற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு நோட்டரிகிட்ட வந்து இத சொல்லணுங்க ஐயா” என்றேன்.

“வர்றேன். எத்தினி கையெழுத்து வேணும்னாலும் போடறேன். நம்மூரு சமாச்சாரத்த எவனோ தூக்கிக்கினு போறதா?”

‘நம்மூரு’ என்று அவர் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கசக்கிய இலை வாசனை கையிலேயே இருந்தது. வேலியைப் படம் எடுத்துக்கொண்டேன். படத்தில் தேதி விழுகிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

கடையில் உட்கார்ந்து அவருடைய வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தேன். ‘ஆடாதொடை இலை ஈசலை வரவழைக்கும் என்பதை அறிவேன்’ என்று முதலில் எழுதினேன். அவர் சொன்னது அதுதான். அழித்தேன். பொய் என்று எனக்குத் தெரிந்த ஒன்றின் மீது அவரைச் சத்தியம் செய்ய வைக்கலாமா? ‘ஆடாதொடை இலையைச் சேர்த்து இடிப்பதைச் சிறு வயது முதல் நேரில் பார்த்து வருகிறேன்’ என்று மாற்றினேன். மேடத்துக்குப் போன் செய்தேன். சரி என்றார். ஆனால் அவர் சொன்னதை நான் குறைத்துவிட்டேன். இது நேர்மையா, தந்திரமா என்று எனக்குத் தெரியவில்லை. மேடத்திடம் அதைக் கேட்கவும் இல்லை.

9 அக்டோபர், வியாழன்

மதியம் நோட்டரி அலுவலகத்தில் கூட்டமாக இருந்தது. வாடகை ஒப்பந்தத்துக்கு வந்தவர்கள், பெயர் மாற்றத்துக்கு வந்தவர்கள். ராஜாமணி ஐயா வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அக்காவும் மாமாவும் சுவர் ஓரமாக நின்றார்கள்.

அவரிடம் தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு விரல் வைத்து வாசித்தார். நிலத் தகராறுகளில் பல வருடம் தாள் வாசித்துப் பழகியவர். அதை நான் யோசிக்கவில்லை.

“ஏம்மா, நான் சொன்னது ஒண்ணு, நீ எழுதிக்கினு வந்தது ஒண்ணா இருக்குதே. எல போடறத பாத்தேன்னு இருக்குது. எலயாலதான் ஈசல் வருதுன்னு எங்க?”

“அது… பாத்தத மட்டும் எழுதினா போதும்னு மேடம் சொன்னாங்க ஐயா.”

“ஈசல் வர்றதயும்தான் பாத்தேன். எழுது. பேனாவுலயே எழுது. அது இல்லன்னா இந்தத் தாளுக்கு இன்னா மதிப்பு?”

பேனாவை எடுத்தேன். ஒரு வரிதான். எழுதிவிட்டால் அவர் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போடுவார். ஆட்சேபத்துக்கும் அது இன்னும் பலம். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அக்கா என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், எழுது என்று. தாளில் பேனாவை வைத்தேன். கை நகரவில்லை.

“அத எழுத வேணாங்க ஐயா” என்றார் மாமா.

அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் விடுவித்துக்கொண்டார்.

“ஏன்டா?”

“அது சும்மா எலங்க.”

“இன்னாது?”

“வேடிக்க பாக்க ஆளு நின்னா ஒரு எல போடுவோம். வழக்கம். அதால ஈசல் வர்றதில்ல. நீங்க நிக்கறப்ப எதுனா சொல்லாம இருந்துக்கலாம். நீங்க சத்தியம் பண்றப்ப சொல்லாம இருக்க முடியல.”

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

“எத்தினி வருசமாடா?”

“எங்க தாத்தா காலத்துலருந்தே.”

“எங்கப்பாருக்குமா?”

 ஐயாவின் கழுத்து சிவந்துவிட்டது. தாளைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். பிரிண்ட் எடுத்த கோப்பு கடைக் கணினியில் இருக்கிறதா என்று அந்த நேரத்தில் யோசித்த என்னை எனக்கே பிடிக்கவில்லை.

“படி” என்றார் என்னிடம். “எழுதியிருக்கறத அப்படியே படி.”

படித்தேன். 

“இதுல பொய் எதுனா இருக்குதா?”

“இல்லைங்க ஐயா.”

“எல போட்டான். நான் பாத்தேன். அவ்வளவுதான?”

“அவ்வளவுதாங்க.”

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அழுத்தியதில் அடுத்த தாளிலும் தடம் விழுந்தது. நோட்டரி முத்திரை வைத்ததும் எழுந்தார். அக்கா டீ வாங்கி வந்திருந்தாள். “ஐயா, டீ” என்றாள். அவர் திரும்பவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்கு பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை. மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் நடந்ததைக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அப்போ முழுசா எழுது” என்றார். கடைக்கு ஓடி, மாமாவின் பத்திரத்தில் ஒரு பத்தி சேர்த்தேன். வெளியாட்கள் பார்க்கும்போது மட்டும் ஆடாதொடை இலையைச் சேர்ப்பது எங்கள் வழக்கம், அதற்கு எந்தப் பயனும் இல்லை, அதே இலை விண்ணப்பத்தில் இருப்பது எங்களைப் பார்த்து எடுத்ததைக் காட்டுகிறது என்று. மாமாவிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இந்த முறை அவர் சொன்னதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. நோட்டரியிடம் திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டார். மடியில் இருப்பதைப் பற்றி ஒரு சொல்லும் அதில் கிடையாது.

வகுப்புக்குப் போகவில்லை. மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அக்கா மாமாவிடம் பேசவில்லை.

ராஜாமணி ஐயா நிலத்தைத் தாண்டும்போது பார்த்தேன். வேலியில் பாதி தூரத்துக்கு ஆடாதொடை இல்லை. வேரோடு பிடுங்கி ரோட்டோரம் போட்டிருந்தது. மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. மீதி அப்படியே நின்றது. கை ஓய்ந்துபோய் விட்டாரா, நாளைக்கென்று விட்டாரா, தெரியவில்லை.

“ஆட்டுக்கும் ஆவாது, ஈசலுக்கும் ஆவாது, அத இன்னாத்துக்கு வேலியில நிக்க வச்சிக்கினுன்னு புடுங்கியிருப்பாரு” என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

நான் எடுத்த படத்தில் வேலி முழுதாக இருக்கிறது. எடுத்த அன்று அது உண்மை. தேதி இருக்கிறது.

சாயங்காலம் ஒரு பாட்டம் மழை பெய்து விட்டது. இருட்டும் நேரத்தில் தெரு விளக்கில் முதல் ஈசல்கள் சுற்றின. ஒவ்வொரு வருடமும் இப்படி முதல் ஈசல் பறந்ததும் ஐயா மோட்டார் கொட்டகையிலிருந்து, “டேய் பச்ச, ஜல்தி வாடா!” என்று கத்துவாராம். இங்கே வரை கேட்குமாம். மாமா கூடையையும் மண்வெட்டியையும் எடுத்து வாசலில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சத்தம் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாங்கள் ஆட்சேபத்தில் ஜெயித்து நிலத்தை இழந்தால், அதற்குக் காரணம் என்று யாரைச் சொல்வது? நான் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் மாமா பேசியிருக்க மாட்டார். எழுதாததற்கு நேர்மை காரணமா, பயம் காரணமா என்று யோசித்துப் பார்த்தேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நாளை: முதல் பஸ்ஸில் அக்காவோடு சென்னை, கிண்டி காப்புரிமை அலுவலகம். ஆட்சேபப் படிவம், மாமாவின் பத்திரம், ராஜாமணி ஐயாவின் பத்திரம், வேலிப் படம். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தாகிவிட்டது. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் வெளியே வரக் கூடாது. திரும்பி வந்ததும் மாமாவைக் கூட்டிக்கொண்டு ராஜாமணி ஐயா வீட்டுக்குப் போக வேண்டும்.